ஷேர்பாயிண்டில் பெரிய டிராயிங் ஃபைல்கள்: வரிசை தவறாமல் செய்ய ஒரு முழு வழிகாட்டி

பெங்களூர் ஜெயநகர்ப் பக்கம் ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியில் டாக்குமெண்ட் கண்ட்ரோலராக இருக்கிறேன். வருஷத்துக்கு மூன்று நான்கு பேர் ஓசூர், தருமபுரி, சேலம் பாலிடெக்னிக்குகளில் படித்துவிட்டு டிராஃப்ட்ஸ்மேனாக வந்து சேர்வார்கள். ஆட்டோகேடில் கை நன்றாக ஓடும். ஷேர்பாயிண்டை (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் ஃபைல் சேமிப்பு) பார்த்ததும் "டிரைவ் மாதிரிதானே அக்கா" என்று ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு ஒரு மாதம் நான் பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

பழைய சர்வரில் இருக்கும் டிராயிங்குகளை ஷேர்பாயிண்டுக்கு ஏற்றுவதில், தனித்தனியாகப் பார்த்தால் எந்த வேலையும் கடினமில்லை. சிக்கல் வரிசையில்தான். ஏற்றிய பிறகு பெயர் மாற்றுவது, ஏற்றிய பிறகு எக்ஸ்ரெஃபை (ஒரு டிராயிங்குக்குள் இணைப்பாகக் காட்டும் வேறு டிராயிங் ஃபைல்) சரிசெய்வது, ஏற்றிய பிறகு நெடுவரிசை சேர்ப்பது என்று போனால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வீர்கள். கீழே இருக்கிற எண் வரிசையிலேயே போங்கள்.

ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிராயிங் ரெஜிஸ்டர், எக்செலில். டிராயிங் எண், தலைப்பு, தற்போதைய ரிவிஷன் (திருத்த எண்), யார் வரைந்தது, யார் செக் செய்தது, எந்தத் தேதியில் யாருக்குப் போனது. இது இல்லாமல் ஏற்ற ஆரம்பித்தால், எது கடைசி ரிவிஷன் என்று ஃபைலைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எங்களிடம் ஒரே டிராயிங்குக்கு "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் சார் சொன்னது" என்று மூன்று ஃபைல் இருந்தது. மூன்றில் எதுவும் ஃபைனல் இல்லை.

ஷேர்பாயிண்ட் சைட்டில் ஓனர் அனுமதி. மெம்பர் அனுமதியை வைத்துக்கொண்டு லைப்ரரி (ஷேர்பாயிண்டில் ஃபைல்கள் இருக்கும் தொகுப்பு) செட்டிங்கை முழுதாகச் செய்து முடிக்க முடியாது. பாதி வழியில் ஐடி ஆளைத் தேட வேண்டி வரும்.

பழைய சர்வரின் முழு நகல் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில். எடுத்தபின் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. தேதியை எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

## 1. எது போகும், எது போகாது என்று பிரியுங்கள்

ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் ஒரு ஃபைல் 250 ஜிபி வரை இருக்கலாம். ஆகவே "சைஸ் பெரிசு, ஏறாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏறும். ஏறிய பிறகு அதை வைத்து வேலை செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

ரெவிட் சென்ட்ரல் மாடலை (பலர் சேர்ந்து வேலை செய்யும் முப்பரிமாணப் பொது ஃபைல்) ஷேர்பாயிண்டில் வைக்காதீர்கள். பத்துப் பேர் ஒரே மாடலில் வேலை செய்து சிங்க் டு சென்ட்ரல் கொடுக்கும்போது, அந்த ஃபைல் ஒரே இடத்தில் நேரடியாகக் கையில் கிடைக்க வேண்டும். ஷேர்பாயிண்டைக் கணினியோடு சிங்க் செய்யும் ஒன்டிரைவ் நடுவில் புகுந்து ஆளுக்கொரு நகல் வைத்தால் மாடல் கெட்டுப்போகும். அதற்கு உள் சர்வரோ, ரெவிட் சர்வரோ, ஆட்டோடெஸ்கின் பிம் கொலாபரேட் புரோவோதான். அதிலிருந்து வெளியே எடுக்கும் பிடிஎஃப், டிடபிள்யூஜி (ஆட்டோகேட் டிராயிங் ஃபைல்) மட்டும் ஷேர்பாயிண்டுக்கு வரட்டும்.

சர்வேக்காரர்கள் தரும் பாயிண்ட் கிளவுட் (லேசர் ஸ்கேன் புள்ளிகள்) ஃபைல்களையும் தனியாக ஒதுக்குங்கள். சில ஜிபி, சில சமயம் பல பத்து ஜிபி. ஒரு தடவை ஏற்றி வைப்பதில் தப்பில்லை. ஆனால் எல்லோருடைய லேப்டாப்பிலும் சிங்க் ஆகும் லைப்ரரியில் அதைப் போட்டால், மறுநாள் காலை ஆபீஸ் இன்டர்நெட் முழுக்க அதற்கே போய்விடும்.

பேக், எஸ்வி டாலர், டிடபிள்யூஎல், டிடபிள்யூஎல்2, பிளாட் லாக் என்று ஆட்டோகேட் தானாக உருவாக்கும் இந்த வகையறாக்கள் எதுவும் ஏற வேண்டாம். சர்வரில் இவற்றைத் தேடி அழித்த பிறகுதான் அடுத்த படி. ஷேர்பாயிண்ட் நிர்வாகப் பக்கத்தின் ஒன்டிரைவ் சிங்க் அமைப்பில் குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷன்களை ஏறவிடாமல் தடுக்கவும் வசதி உண்டு. ஐடி ஆளிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

## 2. ஃபைலை இளைக்க வையுங்கள்

180 எம்பி டிடபிள்யூஜி ஒன்றைத் திறந்து பார்த்தால், உள்ளே உண்மையான கோடுகள் 20 எம்பிக்கு மேல் இருக்காது. மீதியெல்லாம் வேறு டிராயிங்கிலிருந்து காப்பி பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்த குப்பை.

முதலில் ஆடிட் (பிழை திருத்தும் கட்டளை) கொடுங்கள். பிழையுள்ள ஃபைலில் பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்கும் கட்டளை) பாதியில் நிற்கும், அதனால்தான் இதை முதலில் செய்கிறோம். அடுத்து பர்ஜ். அதன் பிறகு முன்னால் ஒரு ஹைபன் போட்டு பர்ஜ் கொடுத்து, ரெக்ஆப்ஸ் என்பதற்கான 'ஆர்' தேர்வை எடுங்கள். மற்ற மென்பொருள்கள் விட்டுச்செல்லும் பெயர்ப் பதிவுகளான இந்த ரெக்ஆப்ஸ் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரெஃப் வழியாக ஃபைலுக்கு ஃபைல் தொற்றும். ஹோஸ்ட் டிராயிங்கில் (எக்ஸ்ரெஃபை உள்ளே காட்டும் டிராயிங்) மட்டும் சுத்தம் செய்துவிட்டு எக்ஸ்ரெஃபை விட்டுவிட்டால் அடுத்த வாரம் திரும்பி வந்துவிடும். ஆகவே எக்ஸ்ரெஃப்களை முதலில், ஹோஸ்டைக் கடைசியில்.

மைக்ரோஸ்டேஷன் என்ற வேறு வரைபட மென்பொருளிலிருந்து வந்த ஃபைல் என்றால் டிஜிஎன் லைன் ஸ்டைல்கள் ஆயிரக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஆட்டோகேட் 2015-லிருந்து பர்ஜே இவற்றையும் எடுத்துவிடும். சாலை, ரயில், மெட்ரோ வேலை செய்கிற ஆபீஸ்களோடு ஃபைல் பரிமாறிக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஓவர்கில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை எடுக்கும். ஆனால் இதைச் செக் செய்து கையெழுத்தான டிராயிங்கில் ஓட்டாதீர்கள். டாலரன்ஸ் கொஞ்சம் கூடிவிட்டால் அருகருகே இருக்கும் இரண்டு ரீபார் கோடுகளில் ஒன்று காணாமல் போகும்.

ஐசேவ்பெர்சென்ட் என்ற அமைப்பின் மதிப்பு வழக்கமாக 50. அதாவது ஒவ்வொரு சேவிலும் ஆட்டோகேட் முழு ஃபைலையும் திரும்ப எழுதாமல் மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும், வீண் இடம் பாதியைத் தொடும்வரை. ஏற்றும் முன் அதை 0 ஆக்கி ஒரு தடவை சேவ் செய்தால் ஃபைல் முழுதாக எழுதப்பட்டுக் குறுகும். வேலை நேரத்தில் 50-க்கே திருப்பிவிடுங்கள். 0-வில் பெரிய ஃபைல் சேவ் ஆக நேரம் எடுக்கும்.

கம்பெனி லோகோவைப் படமாகப் பேஸ்ட் செய்திருந்தால் அதை எடுத்துவிட்டு, கோடுகளாக வரைந்த பிளாக் ஒன்றை வையுங்கள். ஒரு லோகோதானே என்று தோன்றும். 300 ஷீட்டிலும் அது இருக்கிறது.

## 3. எக்ஸ்ரெஃப் பாதையை ரிலேட்டிவ் ஆக்குங்கள்

புதியவர்கள் அதிகம் அழும் இடம் இது. சர்வரில் இருந்தவரை எல்லோருக்கும் ஒரே டிரைவ் எழுத்து, ஒரே பாதை. ஷேர்பாயிண்டைச் சிங்க் செய்தால் அந்த ஃபோல்டர் ஒவ்வொருவர் கணினியிலும் அவரவர் யூசர் பெயருக்குக் கீழே உட்காரும். ஃபுல் பாத் கொடுத்திருந்தால் வரைந்தவர் கணினியில் மட்டும் கிரிட் தெரியும். மற்றவர்களுக்குத் தூண்கள் அந்தரத்தில் நிற்கும்.

ரெஃப்பாத்டைப் என்பதை 1 ஆக்குங்கள், அதாவது ரிலேட்டிவ்: ஹோஸ்ட் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும் பாதை. ஆட்டோகேட் 2018-லிருந்து அதுதான் இயல்பு. ஆனால் பழைய டிராயிங்கில் ஏற்கெனவே கொடுத்த பாதை தானாக மாறாது. எக்ஸ்டெர்னல் ரெஃபரன்சஸ் பட்டியலைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பாத் டைப்பை ரிலேட்டிவ் ஆக மாற்றுங்கள். ஃபைல் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஆட்டோகேடோடு வரும் ரெஃபரன்ஸ் மேனேஜரில் மொத்தமாகச் செய்யலாம்.

ரிலேட்டிவ் பாதை நிலைக்க, எக்ஸ்ரெஃபும் ஹோஸ்டும் ஒரே லைப்ரரிக்குள் இருக்க வேண்டும். எக்ஸ்ரெஃபை ஒரு லைப்ரரியிலும் ஷீட்டை இன்னொன்றிலும் வைத்துப் "பார்க்க நீட்டாக இருக்கு" என்று ஒரு பையன் காட்டினான். நீட்டாகத்தான் இருந்தது, ஒரு ஷீட் கூடத் திறக்கவில்லை.

அட்டாச் வேண்டாம், ஓவர்லே போடுங்கள். அட்டாச் செய்தது அடுத்த ஃபைலுக்குள்ளும் சங்கிலியாக வந்து, ஒரே கிரிட் மூன்று தடவை லோட் ஆகும்.

ஃபோல்டர் அமைப்பை இங்கேயே, சர்வரிலேயே இறுதி செய்துவிடுங்கள். ஒரு ஃபோல்டரை லேப்டாப்பில் வேறு இடத்துக்கு நகலெடுத்துத் திறந்து பாருங்கள். எல்லா எக்ஸ்ரெஃபும் வந்தால் ஷேர்பாயிண்டிலும் வரும்.

## 4. பெயர் வையுங்கள்

எங்கள் முறை: வேலை எண், துறை, வகை, வரிசை எண். உதாரணமாக 2417-எஸ்டி-ஜிஏ-0102. தலைப்பு பெயரில் கிடையாது. "தரைத்தளக் கூரை பீம் அமைப்பும் விவரங்களும்" என்று பெயரிலேயே எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஷேர்பாயிண்டில் சைட் பெயர், லைப்ரரி பெயர், ஃபோல்டர் பெயர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்ந்து 400 எழுத்துக்குள் அடங்க வேண்டும். விண்டோஸில் பல மென்பொருள்கள் 260-ஐத் தாண்டினாலே திணறும். சிங்க் ஆன ஃபோல்டரில் யூசர் பெயர், கம்பெனி பெயர், சைட் பெயர், லைப்ரரி பெயர் என்று ஆரம்பத்திலேயே எழுபது எண்பது எழுத்து தீர்ந்துவிடும். தலைப்புக்கென்று நெடுவரிசை இருக்கிறது, அங்கே எழுதுங்கள்.

சாய்வுக்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் இவை பெயரில் வரக்கூடாது, ஏறாது. இதை விண்டோஸும் அனுமதிக்காததால் பிரச்சினை குறைவு. மேக் கணினியில் வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட்களிடமிருந்து வரும் ஃபைலில் பாருங்கள்.

ரிவிஷன் எண் பெயரில் வேண்டுமா? இதில் ஆபீசுக்கு ஆபீஸ் சண்டை. என் முடிவு: டிடபிள்யூஜி பெயரில் ரிவிஷன் வேண்டாம், வெளியே போகும் பிடிஎஃப் பெயரில் கட்டாயம் வேண்டும். டிடபிள்யூஜி பெயர் மாறினால் அதை எக்ஸ்ரெஃபாக வைத்திருக்கும் எல்லா ஷீட்டும் உடையும். பிடிஎஃபோ கட்டுமான சைட்டில் யாரோ ஒருவர் ஃபோனில் டவுன்லோட் ஆகி உட்காரும். அங்கே பெயர் ஒன்றுதான் அது எந்த ரிவிஷன் என்று சொல்லும்.

## 5. மூன்று லைப்ரரி உருவாக்குங்கள்

வேலை நடக்கும் இடமும் வெளியீட்டு இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 19650-இல் வேலையில் இருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, ஆவணக் காப்பு என்று நான்கு நிலை சொல்கிறார்கள். முப்பது பேர் ஆபீசுக்கு எனக்கு மூன்று போதுமானதாக இருந்தது:

வேலை: டிடபிள்யூஜி, எக்ஸ்ரெஃப், கணக்கீடு. ஆபீசுக்குள் மட்டும்.

ஜிஎஃப்சி: குட் ஃபார் கன்ஸ்ட்ரக்ஷன் ஆன பிடிஎஃப் மட்டும். இப்போது செல்லுபடியாகும் ரிவிஷன் ஒன்றே ஒன்று. டாக்குமெண்ட் கண்ட்ரோலர் தவிர யாரும் இதில் ஏற்ற முடியாது.

பழையது: சூப்பர்சீட் ஆனவை, அதாவது புதிய ரிவிஷன் வந்ததால் செல்லாமல் போனவை. ஆபீசில் உள்ளவர்கள் பார்க்கலாம், வெளியாட்கள் பார்க்க முடியாது.

ஒரே லைப்ரரியில் மூன்று ஃபோல்டர் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. செக்-அவுட் (ஒருவர் திருத்தும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு), வெர்ஷன் எண்ணிக்கை, கட்டாய நெடுவரிசை இவையெல்லாம் லைப்ரரி அளவில் வைக்கும் அமைப்புகள். ஃபோல்டருக்கு ஒன்றாக மாற்ற முடியாது.

## 6. நெடுவரிசைகள், இண்டெக்ஸ், வியூ: ஏற்றும் முன்பே

டிராயிங் எண், தலைப்பு, ரிவிஷன், நிலை, துறை, வெளியிட்ட தேதி. இந்த ஆறு போதும். முதல் உற்சாகத்தில் பதினெட்டு வைத்தேன். யாரும் நிரப்பவில்லை, நானும் நிரப்பவில்லை.

நிலை, துறை இரண்டையும் சாய்ஸ் வகையில் வையுங்கள். கையால் அடிக்க விட்டால் ஒருவர் "ஸ்ட்ரக்சரல்" என்பார், ஒருவர் "ஸ்ட்ரக்ட்" என்பார், ஃபில்டர் போட்டால் பாதி வராது. ரிவிஷனை எழுத்து வகையில் வையுங்கள், எண் வகையில் வேண்டாம். டெண்டர் கட்டத்தில் ஏ, பி, சி என்று போய், ஜிஎஃப்சி ஆனதும் 0, 1, 2 என்று மாறுமே.

டிராயிங் எண், நிலை, துறை மூன்றுக்கும் உடனே இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுங்கள். ஒரு லைப்ரரியில் 3 கோடி ஃபைல் வரை வைக்கலாம், ஆனால் ஒரு வியூ (வடிகட்டிக் காட்டும் பட்டியல்) ஒரே நேரத்தில் 5,000-க்கு மேல் புரட்ட முயன்றால் மறுத்துவிடும். இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசையில் ஃபில்டர் போட்டு 5,000-க்குள் சுருக்கினால் சிக்கலில்லை. லைப்ரரி காலியாக இருக்கும்போது இண்டெக்ஸ் போடுவது இரண்டு கிளிக். நிரம்பிய பிறகு போடப் போனால் மறுக்கவும் கூடும்.

## 7. வெர்ஷன் வேறு, ரிவிஷன் வேறு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வெர்ஷன் என்பது ஷேர்பாயிண்ட் போடும் எண். யாராவது ஃபைலைச் சேவ் செய்து அது மேலே போகும்போதெல்லாம் ஒன்று கூடும். மதியம் சாப்பிடப் போகும் முன் கன்ட்ரோல் எஸ் அடித்தாலும் கூடும். ரிவிஷன் என்பது டைட்டில் பிளாக்கில் நாம் போடும் எண். ரிவிஷன் கிளவுட் வரைந்து, என்ன மாறியது என்று எழுதி, செக்கர் கையெழுத்துப் போட்டு வெளியே போகும்போதுதான் அது கூடும்.

போன வருஷம் சேர்ந்த பையன் ஒருவன் டிரான்ஸ்மிட்டல் (டிராயிங்கோடு அனுப்பும் பட்டியல்) போட்டான். ரிவிஷன் என்ற இடத்தில் 14. "அக்கா, ஷேர்பாயிண்ட்ல 14.0னுதான் காட்டுது, பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். டைட்டில் பிளாக்கில் ரிவிஷன் 2. நான் பார்ப்பதற்குள் மெயில் போய்விட்டது. ரிவிஷன் 3 முதல் 13 வரை தங்களுக்கு வரவில்லை என்றும், அவற்றால் ஏற்பட்ட தாமதத்துக்குக் கால நீட்டிப்பு வேண்டும் என்றும் கான்ட்ராக்டரிடமிருந்து நான்காம் நாள் கடிதம் வந்தது. சிரிப்பு வரும். பதில் எழுதி முடிக்க மூன்று வாரம் ஆனது.

அதனால் வெளியே போகும் எந்த வியூவிலும் வெர்ஷன் நெடுவரிசையைக் காட்டாதீர்கள். ரிவிஷன் நெடுவரிசை மட்டும்.

அடுத்தது இடக் கணக்கு. ஒன்டிரைவ் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினாலும், சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு வெர்ஷனும் முழு ஃபைலாகவே எண்ணப்படும். 180 எம்பி டிராயிங்கை 100 தடவை சேவ் செய்தால் அந்த ஒரு டிராயிங் மட்டும் 18 ஜிபி. ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 1 டிபியும், ஒவ்வொரு லைசென்ஸுக்கும் 10 ஜிபியும் கிடைக்கும். முப்பது பேர் என்றால் சுமார் 1.3 டிபி. எழுபது டிராயிங் அந்த வேகத்தில் போனால் அவ்வளவுதான், தீர்ந்தது.

லைப்ரரியில் 500 மேஜர் வெர்ஷன் என்பது நெடுநாள் வழக்கம். வேலை லைப்ரரியில் அதை 100-க்கு இறக்கினேன். பழசாக ஆக நடுநடுவே கழித்துக்கொண்டு வரும் தானியங்கித் தேர்வும் இப்போது இருக்கிறது, அதையும் எடுக்கலாம். ஆனால் எதை எடுத்தாலும் ஏற்றும் முன் எடுங்கள். வரம்பைப் பின்னால் குறைத்தால் ஏற்கெனவே சேர்ந்த பழைய வெர்ஷன்கள் உடனே அழிந்துவிடாது.

ரிவிஷன் வெளியே போகும் நாளில் டிடபிள்யூஜியை அப்போதிருக்கும் நிலையிலேயே ஈட்ரான்ஸ்மிட்டில் கட்டி, எக்ஸ்ரெஃப், ஃபான்ட், சிடிபி (பிளாட் ஸ்டைல்) எல்லாம் சேர்த்து ஜிப் ஆக்கிப் பழையது லைப்ரரியில் போடுங்கள். வெர்ஷன் ஹிஸ்டரியிலிருந்து ரிவிஷன் 1-ஐ மீட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஹோஸ்டின் பழைய வெர்ஷன் கிடைக்கும், எக்ஸ்ரெஃப் இன்றைக்குள்ளதாக இருக்கும். இரண்டும் சேர்ந்து என்றைக்குமே இல்லாத ஒரு டிராயிங்கைக் காட்டும்.

## 8. செக்-அவுட்: எங்கே கட்டாயம், எங்கே வேண்டாம்

சர்வரில் ஒருவர் திறந்த டிராயிங்கை இன்னொருவர் திறந்தால் ரீட் ஒன்லி என்று ஆட்டோகேட் எச்சரிக்கும். யார் திறந்திருக்கிறார் என்பதைப் பக்கத்தில் உருவாகும் டிடபிள்யூஎல் ஃபைலைப் பார்த்து அது சொல்கிறது. சிங்க் ஃபோல்டரில் இருவரும் திறப்பது அவரவர் கணினியில் உள்ள நகலை. பூட்டு இரண்டு பக்கமும் தனித்தனி. யாருக்கும் எச்சரிக்கை வராது. இருவரும் சேவ் செய்தால், பின்னால் வந்தவருடையது கணினிப் பெயர் ஒட்டிய இன்னொரு ஃபைலாக நிற்கும். வேர்டிலும் எக்செலிலும் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் சேர்த்துக்கொள்ளும். டிடபிள்யூஜியில் அது நடக்காது.

எனவே கட்டாயச் செக்-அவுட்டைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். ரிக்வயர் செக்-அவுட் போட்ட லைப்ரரியும், நெடுவரிசையைக் கட்டாயமாக்கிய லைப்ரரியும் ஒன்டிரைவில் ரீட் ஒன்லியாகத்தான் சிங்க் ஆகும். ஆட்டோகேடில் வரைந்துவிட்டுச் சேவ் கொடுத்தால் ஏறாது. எங்கள் ஆபீசில் ஒரு முழு நாள் எல்லோரும் வரைந்தது டெஸ்க்டாப்பில் கிடந்தது இதனால்தான்.

எங்கள் ஏற்பாடு இப்படி: வேலை லைப்ரரியில் கட்டாயம் எதுவும் கிடையாது. எடிட் செய்யப்போகிறவர் பிரவுசரில் அந்த ஃபைலைத் தானே செக்-அவுட் செய்துவிட்டு வரைய வேண்டும், முடித்ததும் கருத்தோடு செக்-இன். ஜிஎஃப்சி லைப்ரரியில் நெடுவரிசைகள் கட்டாயம். அங்கே யாரும் சிங்க் செய்வதில்லை, நான் மட்டும் பிரவுசரில் ஏற்றுகிறேன்.

ஒரு பொறி: கட்டாயச் செக்-அவுட் உள்ள லைப்ரரியில் புதிதாக ஏற்றிய ஃபைல், செக்-இன் ஆகும்வரை ஏற்றியவருக்கு மட்டுமே தெரியும். "நான் ஏத்திட்டேன்" "இல்லையே, காணோமே" என்று இருவரும் சத்தியம் செய்வார்கள், இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். லைப்ரரி செட்டிங்கில் செக்-இன் ஆகாத ஃபைல்களைக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கே போய் ஓனர்ஷிப்பை எடுத்து நீங்களே செக்-இன் செய்யலாம்.

## 9. ஏற்றுங்கள்

முதலில் கணக்கு. 300 ஜிபி, அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் தடங்கலே இல்லாமல் 33 மணி நேரம். இன்டர்நெட் கம்பெனிக்காரர் சொல்லும் 100 பெரும்பாலும் டவுன்லோட் வேகம், அப்லோடைத் தனியாகச் சோதியுங்கள். வெள்ளி இரவு ஆரம்பித்தால் ஞாயிறு காலை முடியலாம். வைஃபை வேண்டாம், கேபிள். கணினி ஸ்லீப் ஆகாதபடி அமைத்து, கரண்ட் போனால் ரவுட்டரும் யுபிஎஸ்ஸில் ஓடுகிறதா என்று பாருங்கள். கணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டு ரவுட்டரை மறந்தது நான்தான்.

நூற்றுக்கணக்கான ஃபைலைப் பிரவுசரில் இழுத்துப் போடாதீர்கள். பாதியில் நின்றால் எது ஏறியது என்று தெரியாது, எல்லா ஃபைலுக்கும் திருத்திய தேதி இன்றைக்கு ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஷேர்பாயிண்ட் மைக்ரேஷன் டூலில் ஏற்றினால் பழைய தேதி அப்படியே வரும், நின்றாலும் மறுபடி ஓட்டும்போது விட்டதிலிருந்து எடுக்கும், ஏறாதவற்றுக்குக் காரணத்தோடு அறிக்கை தரும்.

முதலில் எக்ஸ்ரெஃப் அதிகமுள்ள ஒரே ஒரு வேலையை மட்டும் ஏற்றி, இருவர் அதில் இரண்டு நாள் வரையட்டும். அப்புறம்தான் மீதி.

## 10. சிங்க்

முழு லைப்ரரியையும் சிங்க் செய்யாதீர்கள். தங்கள் வேலைக்கான ஃபோல்டர் மட்டும் போதும். மொத்தம் 3 லட்சம் ஃபைலுக்கு மேல் போனால் ஒன்டிரைவ் தள்ளாடும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

நீல மேகம் காட்டும் ஃபைல் கணினியில் இல்லை, திறக்கும்போதுதான் இறங்கும். இருபது எக்ஸ்ரெஃபும் மேகமாக இருந்தால் ஒரு ஷீட்டைத் திறக்க ஆட்டோகேட் உறைந்ததுபோல் நிற்கும், பொறுமையில்லாதவர்கள் டாஸ்க் மேனேஜரில் கொன்றுவிடுவார்கள். எக்ஸ்ரெஃப் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து எப்போதும் இந்தக் கணினியில் வை என்ற தேர்வைப் போடுங்கள்.

மாலை லேப்டாப்பை மூடும் முன் சிங்க் முடிந்ததா என்று பாருங்கள். மடக்கிப் பையில் போட்டு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறிவிட்டால், நீங்கள் வரைந்தது உங்களோடு ஓசூர் போகும். ஆபீசில் இருப்பவர் நேற்றைய டிராயிங்கில் வரைந்துகொண்டிருப்பார்.

## 11. வெளியே அனுப்புவது

பீன்யாவில் ஒரு ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் ஷாப்புக்கு பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) டிராயிங் அனுப்பியிருந்தோம். ரிவிஷன் 1-இல் எம்20 போல்ட், 22 மிமீ துளை. கணக்கு மாறி ரிவிஷன் 2-இல் எம்24, 26 மிமீ துளை. புதிய பிடிஎஃபை ஏற்றினோம், மெயில் போட்டோம், ரெஜிஸ்டரிலும் எழுதினோம். 48 பிளேட்டும் 22 மிமீ துளையோடு வந்து இறங்கின. ஆம்பூர்க்காரரான ஃபோர்மேன் ஃபோனை நீட்டினார். "ஏம்மா, நீங்க குரூப்ல போட்ட லிங்க்தானே இது? அதைத் தொறந்துதான் அடிச்சோம்." ரிவிஷன் 1-இன் லிங்க். திறந்தது. ஏன் திறக்காது? ஃபைல் அங்கேயேதான் இருந்தது.

அன்றிலிருந்து வரிசை இது. பழைய ரிவிஷனை முதலில் ஜிஎஃப்சியிலிருந்து பழையது லைப்ரரிக்கு மூவ் டு கொடுத்து நகர்த்துவேன். காப்பி டு கொடுத்தால் பழையது அங்கேயே கிடக்கும். பிறகு பழைய லிங்க்கை வெளியாள் கணக்கு ஒன்றில் லாகின் செய்த வேறு பிரவுசரில் திறந்து பார்ப்பேன், திறக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் புதிய ரிவிஷனை ஏற்றுவேன். நடுவில் ஐந்து நிமிஷம் டிராயிங்கே இல்லாமல் இருக்கும். பரவாயில்லை, தப்பான டிராயிங் இருப்பதைவிட அது மேல்.

சாட் குரூப்பில் ஃபைல் லிங்க் போடுவதை நிறுத்திவிட்டோம். ஜிஎஃப்சி வியூவின் லிங்க் மட்டும் கொடுக்கிறோம், அதில் எப்போது போனாலும் இன்றைய ரிவிஷன்தான் இருக்கும். வெளியாட்களுக்குப் பெயர் குறிப்பிட்ட அனுமதி; யார் வேண்டுமானாலும் திறக்கும் லிங்க் கிடையாது. ஆள் ஆளாகக் கொடுக்காமல் ஷாப்புக்கு ஒரு அனுமதிக் குரூப், கான்ட்ராக்டருக்கு ஒரு குரூப் என்று வைத்தால், ஆள் மாறும்போது ஒரே இடத்தில் எடுத்துவிடலாம்.

பிடிஎஃபை ஆட்டோகேடிலிருந்தே பிளாட் செய்யுங்கள். ஏ1-இல் பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, ஸ்கேன் செய்து அனுப்பும் பழக்கம் சில ஆபீஸ்களில் இன்னும் இருக்கிறது. 2 எம்பியில் முடிய வேண்டியது 60 எம்பி ஆகும், தேடினால் எழுத்து சிக்காது, ஃபோனில் பெரிதாக்கினால் அளவு எண் கலங்கும். 3-ஆ 8-ஆ என்று சைட்டில் யூகிப்பார்கள்.

## 12. வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம்

கணினிப் பெயர் ஒட்டிய ஃபைல்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் இரண்டையும் டிடபிள்யூஜி கம்பேரில் போட்டு, இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சேருங்கள். நீங்களாக ஒன்றை அழிக்காதீர்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் செக்-அவுட்டில் கிடப்பவை யாருடையவை என்று பாருங்கள். லீவில் போனவருடையதாகத்தான் இருக்கும்.

சைட் செட்டிங்கில் ஸ்டோரேஜ் மெட்ரிக்ஸ் பக்கத்தைத் திறந்தால் எந்த ஃபோல்டர் வீங்குகிறது என்று தெரியும்.

ரீசைக்கிள் பின்னையும் ஒரு பார்வை. சிங்க் ஃபோல்டரில் "என் லேப்டாப்பில்தானே இடத்தைக் காலி செய்தேன்" என்று அழித்தால் எல்லோருக்கும் அழியும். இடத்தை விடுவிப்பதற்கு ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்ற தேர்வு தனியாக உண்டு. அழித்தது 93 நாள் வரை ரீசைக்கிள் பின்னில் இருக்கும், அதற்குப் பிறகு இல்லை. அலமாரியில் பூட்டிய ஹார்ட் டிஸ்கை வேறு வேலைக்குக் கேட்டு யாராவது வருவார்கள். ஏற்றி முடித்து நான்கு மாதம் ஆகும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.